பழைய ஆர்.எக்ஸ் 100-க்கு ஃபைபர் டூம்: நீலகிரியில் செய்து பார்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கண்ணாடி நாரோடு சேர்ந்து இறுகி ஃபைபராகும் திரவமான ரெசினின் டப்பாவைத் திறப்பது இந்த வேலையில் கடைசிக்குச் சற்று முந்திய கட்டம். புதிதாக இறங்குபவர்கள் பலர் அதை முதல் நாளிலேயே திறந்துவிடுகிறார்கள். பாதி வேலை நடக்கும்போது மாட்டுவதற்கு இடமில்லை, அச்சு கழறவில்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதனால் இங்கே வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்கொண்ட வண்டி யமஹா ஆர்.எக்ஸ் 100. செய்யப்போவது ஹெட்லைட்டைச் சுற்றி வரும் டூம். சீட்டுக்குப் பின்னால் வரும் வால் பகுதிக்கும் இதே வரிசைதான். யெஸ்டி, ராஜ்தூத், பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் அளவுகளை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

சமவெளியில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு ஊட்டியிலும் குன்னூரிலும் அப்படியே பலிக்காது. இங்கே ரெசினுக்குக் குளிரும் ஆகாது, மூடுபனியும் ஆகாது. முதல் பகுதி அதைப் பற்றியதுதான்.

1. காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

நாம் வாங்கும் பாலியஸ்டர் ரெசின் இறுகுவதற்கு வெப்பம் வேண்டும். 20 முதல் 25 டிகிரி நல்லது. 15-க்குக் கீழே போனால் இறுகத் தொடங்கியதும் பாதியில் நின்றுவிடும். மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே வேகாமல் இருக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை விடாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் பகல் வெயில் ஆசை காட்டும். சூரியன் சாய்ந்ததும் வெப்பம் சரிந்து விடியற்காலையில் உறைபனி விழும். மீதி இருப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ரெசின் வேலையை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் வீணல்ல, அளவெடுப்பது, பிராக்கெட் செய்வது, மாதிரி செதுக்குவது எல்லாம் அப்போது நடக்கட்டும்.

நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்குமேல், அறையும் அச்சும் சூடேறிய பிறகு ஆரம்பித்து, மூன்று மணிக்குள் அன்றைய ரெசின் இறுகியிருக்க வேண்டும். மாலை மூடுபனி உள்ளே வந்தால் ஈரம் படிந்து மேற்பரப்பு வெளுத்துவிடும்.

தகரக் கூரை ஷெட்டில் வேலை செய்பவர்கள் கவனியுங்கள்: இரவில் கூரையின் உள்பக்கம் நீர் கோத்துக் காலையில் சொட்டும். மேலே ஒரு தார்ப்பாய் கட்டாமல் அச்சைத் திறந்து வைக்காதீர்கள்.

குளிருக்குக் கணப்பு மூட்டிவிட்டு அதே அறையில் ரெசின் கலப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் ஆவியும் கழுவ வைத்திருக்கும் அசிட்டோனும் தீப்பொறிக்குக் காத்திருப்பவை. கரி அடுப்பு, காயில் ஹீட்டர், பீடி எதுவும் அறைக்குள் கூடாது. ஹீட்டரால் அறையைச் சூடாக்கி, அணைத்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் டப்பாவைத் திறங்கள். ரெசின் குளிர்ந்து தேனாக ஒழுகினால் மூடிய டப்பாவை வெந்நீர் வாளியில் சிறிது நேரம் வையுங்கள். இதை, ரெசினை இறுக வைக்கும் திரவமான கேட்டலிஸ்டை ஊற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

2. எந்த அளவுக்கு மூடலாம் என்று முடிவெடுங்கள்

ஆர்.எக்ஸ் 100 காற்றால் குளிரும் 98 சிசி டூ ஸ்ட்ரோக். கல்லட்டி ஏற்றத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது எஞ்சினுக்குக் காற்று கிடைப்பதே குறைவு. ரேஸ் வண்டி மாதிரி முழுவதும் மூடினால் சிலிண்டர் தகடுகளுக்குக் காற்றே போகாது. பிஸ்டன் பிடித்துக்கொண்டால் செலவு டூமின் செலவைத் தாண்டிவிடும். டூமும் வாலும் போதும். எஞ்சினுக்கு அடியில் தொட்டி மாதிரி ஒன்றைச் சிலர் கேட்பார்கள். நம் ஊர் வேகத்தடைகளில் அது முதல் வாரத்திலேயே உடையும்.

அடுத்து, டூம் எதில் உட்காரப்போகிறது? ஹெட்லைட் தாங்கிகளில் மாட்டினால் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும், செய்வது எளிது. சேஸில் மாட்டினால் ஹேண்டில் லேசாக இருக்கும், ஆனால் கழுத்துப் பகுதிக்குத் தனி பிராக்கெட் வேண்டும், டூமும் அகலமாக வேண்டும். முதன்முறை செய்பவர்களுக்கு நான் ஹெட்லைட் தாங்கியையே சொல்வேன். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ஓட்டும்போது பெரிய வித்தியாசம் தெரியாது.

சேஸில்தான் மாட்டுவேன் என்றால், ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கையுறை போட்ட விரலுக்கும் டூமுக்கும் நடுவில் 25 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று பாருங்கள். சமவெளியில் ஹேண்டில் முழுதாகத் திரும்புவது பார்க்கிங்கில் மட்டும். இங்கே வளைவில் எதிரே பஸ் வந்தாலே திரும்பும். அந்த நேரத்தில் கை சிக்கக் கூடாது.

இரண்டு வகைக்கும் பொதுவாக, முன் ஃபோர்க்கை முழுதாக அழுத்தி மட்கார்டு எங்கே வரை வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிளட்ச், பிரேக், ஸ்பீடோமீட்டர் கேபிள்கள் எப்படி வளைகின்றன என்றும் பாருங்கள்.

சட்டப் பக்கத்தையும் இப்போதே யோசித்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதையும் மறைக்காத, எளிதில் கழற்றக்கூடிய டூமாக வடிவமையுங்கள். பெட்ரோல் டேங்கையும் சேர்த்து வண்டியின் நிறத்தை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யில் பதிய வேண்டியதைப் பதிந்துகொள்ளுங்கள்.

3. வாங்க வேண்டியவை

கோவையில் ஃபைபர் பொருள் விற்கும் கடைகளில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஒரு டூமுக்கு, அச்சையும் சேர்த்து, 5 கிலோ பொது உபயோக ரெசின், 1 கிலோ ஜெல்கோட் (வெளிமுகத்துக்கான கெட்டி ரெசின்), 300 கிராம் மேட் (கண்ணாடி நார் விரிப்பு; கிராம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை) ஒரு சதுர மீட்டர், 450 கிராம் மேட் இரண்டரைச் சதுர மீட்டர் தாராளமாகப் போதும். மேட்டின் எடையைப் போல இரண்டேகால் மடங்கு ரெசின் என்பது கணக்கு. அதாவது ஒரு சதுர மீட்டர் 450 கிராம் மேட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ.

கேட்டலிஸ்ட், கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்துவது), அச்சுக்கான மெழுகு, பி.வி.ஏ. திரவம் (அச்சு ஒட்டாமல் தடுக்கும் படலம்), அசிட்டோன், மலிவான பிரஷ்கள், காற்றுக் குமிழி எடுக்கும் சிறு ரோலர், ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு, கிராம் தராசு. ரசாயன ஆவியைத் தடுக்கும் கேட்ரிட்ஜ் முகமூடி, பக்கமும் மூடும் கண்ணாடி, நைட்ரைல் கையுறை. துணி மாஸ்க் ஸ்டைரீனைத் தடுக்காது. கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியை மட்டும் சிக்கனம் பார்த்து விட்டுவிடாதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ரெசின்ல கோபால்ட் கலந்திருக்கா?" கலந்ததும் விற்பார்கள், கலக்காததும் விற்பார்கள். கலந்தது என்றால் நீங்கள் மறுபடி சேர்க்கக் கூடாது. கலக்காதது என்றால் கோபால்டை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் ஊற்ற வேண்டும். இரண்டையும் நேரடியாக ஒன்றுசேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டில்களையும் ஒரே பையில் போட்டு மலை ஏறாதீர்கள். கேட்டலிஸ்டை உலோக டப்பாவிலும் ஊற்றி வைக்காதீர்கள்.

மேட்டைப் பாலித்தீன் உறையில் சுற்றி, வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஷெட்டில் சாத்தி வைத்த மேட் மழைக்காலத்தில் ஈரம் குடித்துவிடும். அப்புறம் எவ்வளவு ரெசின் ஊற்றினாலும் வெள்ளைத் திட்டு போகாது.

கலக்குவதற்குப் பழைய ஐஸ்கிரீம் டப்பா, தயிர் டப்பா மாதிரி வளையும் பிளாஸ்டிக் நல்லது. மிச்சம் இறுகிய பிறகு டப்பாவை வளைத்தால் கட்டியாக வெளியே வந்துவிடும், மறுபடி பயன்படுத்தலாம். தெர்மாகோல் கப் கையிலேயே கரையும்.

4. மாட்டும் இடங்கள் முதலில்

வண்டியை நடு ஸ்டாண்டில், சமதளத்தில் நிறுத்துங்கள். நீலகிரியில் சமதளம் தேடுவது தனி வேலை; முற்றம் சரிவாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை வைத்து மட்டம் பாருங்கள். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பெட்ரோல் டேங்க் மூடியின் நடுவரை ஒரு நூல் கட்டுங்கள். இனி எல்லா அளவும் இந்த நூலிலிருந்துதான்.

3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டையில் பிராக்கெட் செய்து வண்டியில் மாட்டிவிடுங்கள். குறைந்தது மூன்று புள்ளிகள் வேண்டும். இரண்டு இருந்தால் டூம் ஆடும். ஒவ்வொரு புள்ளியிலும் ரப்பர் கிராமெட் உட்காரும்படி துளை பெரிதாக இருக்கட்டும்.

இதை இவ்வளவு சீக்கிரம் செய்வதற்குக் காரணம், டூமில் எந்த இடத்தில் தடிமன் கூட்ட வேண்டும் என்பதை பிராக்கெட்தான் சொல்லும். டூமை முடித்துவிட்டு, கைக்கு வந்த இடத்தில் துளை போட்டால் மெல்லிய இடத்தில் போல்ட் விழும். டூ ஸ்ட்ரோக்கின் அதிர்வில் அங்கேதான் முதல் விரிசல் வரும்.

5. மாதிரி: நேரம் முழுக்க இங்கேதான் போகும், போகட்டும்

மாதிரி என்பது டூமின் முழு உருவம். இதன் மேல்தான் அச்சு எடுக்கப்போகிறோம். மாதிரியில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் அச்சுக்குப் போய், அச்சிலிருந்து டூமுக்கும் வரும். அதனால் இங்கே விட்ட குறையைப் பிறகு சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள்.

பிளைவுட்டில் நடுக்கோட்டு வடிவத்தையும் குறுக்கே சில வளைவுகளையும் வெட்டி எலும்புக்கூடு செய்யுங்கள். இடைவெளியைத் தெர்மாகோலால் நிரப்பலாம். ஆனால் ரெசினோ கார் பட்டியோ நேரடியாகப் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழி விழும். அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு சுற்று பூசி மூடிவிட்டு, அப்புறம் பட்டி பார்க்கவும். பி.யூ. ஃபோம் கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் கூடுதல்.

பிளாஸ்டர் இங்கே சீக்கிரம் காயாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். மேலே பெயிண்ட் அடித்த பிறகு உள்ளே இருக்கும் ஈரம் கொப்புளமாக எழும். சோதனை எளிது. ஒரு கை அகலப் பாலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு பிளாஸ்டர் மேல் ஒட்டி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் இன்னும் காயவில்லை.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வருவதற்கு ஒரு பக்கத்தை மட்டும் கண்ணுக்குப் பிடித்த மாதிரி செதுக்குங்கள். அதன் வளைவை ஐந்தாறு இடங்களில் அட்டையில் வெட்டி எடுத்து, அட்டையைத் திருப்பி மறுபக்கத்தில் வைத்து இழையுங்கள். கண்ணளவில் இரண்டு பக்கத்தையும் செதுக்கினால் எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் ஒரு கன்னம் உப்பிவிடும்.

செதுக்கும்போது மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். உள் மூலைகள் குறைந்தது 5 மில்லிமீட்டர் ஆரத்தில் உருண்டையாக இருக்க வேண்டும். கூர்மையான மூலைக்குள் மேட் போகாது, அங்கே காற்றுக் குமிழி நிற்கும். நேர்ச்சுவர்கள் கழறும் திசையில் இரண்டு மூன்று டிகிரியாவது விரிந்திருக்க வேண்டும். டூம் முடியும் கோட்டைத் தாண்டி இன்னும் 25 மில்லிமீட்டர் மாதிரி நீளட்டும்; மேட்டின் பிசிறுகள் அந்த மிச்சத்தில் வந்து, வெட்டும்போது போய்விடும்.

பட்டி பார்த்து, 80, 120, 220 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போங்கள். பிரைமர் அடித்து 400. கடைசியாக டூ-கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) அடித்து, 800, 1000 வாட்டர் பேப்பர், பாலிஷ். சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வேண்டாம். ஜெல்கோட்டில் இருக்கும் ஸ்டைரீன் அதைச் சுருக்கிக் கிளப்பிவிடும், மாதிரியும் அச்சும் ஒட்டிக்கொள்ளும். "என்.சி.யே போதும்" என்று பெயிண்டர் அண்ணன் சொல்வார், வண்டிக்குப் போதும், இதற்குப் போதாது. டூ-கே அடித்த பிறகும் ஒரு வாரம் காயவிடுங்கள்.

முடிந்ததா என்று பார்க்க, இருட்டில் ஒரு டியூப்லைட்டைச் சாய்வாகக் காட்டுங்கள். மாதிரி மேல் தெரியும் ஒளிக்கோடு நெளிந்தால் அந்த இடத்தில் மேடோ பள்ளமோ இருக்கிறது.

6. பிரிக்கும் கோடு

புதியவர்கள் அதிகம் விழும் இடம் இது. ஹெட்லைட் டூம் பெரும்பாலும் பின்பக்கம் மறுபடி குறுகும். அப்படிப்பட்ட மாதிரி மேல் ஒரே துண்டாக அச்சு எடுத்தால் கழற்றவே முடியாது. மாதிரியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். டூமைப் பிறகு அச்சிலிருந்து எடுக்கவும் முடியாது.

சோதிக்க, ஒரு நேரான குச்சியை அச்சு கழறும் திசையிலேயே சாய்க்காமல் பிடித்து, மாதிரியைச் சுற்றி நகர்த்துங்கள். குச்சி வெளிவிளிம்பைத் தொடும்போது உட்புறம் எங்கேயாவது பின்வாங்கினால் அச்சு இரண்டு துண்டாக வேண்டும்.

பிரிக்கும் கோடு நடுவில், மேலிருந்து கீழாக ஓடட்டும். அந்தக் கோட்டில் மெல்லிய பிளைவுட்டால் 50 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வேலி நிறுத்துங்கள். வேலிக்கும் மாதிரிக்கும் நடுவில் உள்ள இடுக்கைப் பிளாஸ்டிசின் களிமண்ணால் அடைத்து, கத்தியால் சுத்தமாக வழியுங்கள். குயவர் களிமண் ஆகாது. அதன் ஈரம் ஜெல்கோட்டைக் கெடுக்கும்.

வேலியில் அரைக் கோலிக்குண்டு அளவில் நான்கைந்து களிமண் புடைப்புகளை வையுங்கள். முதல் பாதியில் அவை குழியாகப் பதியும், இரண்டாம் பாதி அந்தக் குழிகளில் உட்காரும். இது இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பினால் இரண்டு பாதியும் ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கும். டூமின் நடுவில் படிக்கட்டு தெரியும்.

7. மெழுகும் பி.வி.ஏ.வும்

அச்சு மெழுகை மெல்லியதாகத் தேய்த்து, காய்ந்ததும் துணியால் பளபளக்கத் துடையுங்கள். ஒரு மணி நேரம் விட்டு அடுத்தது. புதிய மாதிரிக்கு ஐந்தாறு முறை வேண்டும். வேலிக்கும் சேர்த்து. வண்டி பாலிஷ் வேண்டாம். அதில் சிலிக்கோன் இருந்தால் ஜெல்கோட் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும்.

அதன் மேல் பி.வி.ஏ.வை ஸ்பாஞ்சால் ஒரே போக்காக மெல்லியதாகப் பூசுங்கள். மலையில் கவனம் வேண்டிய இடம் இது. பி.வி.ஏ. தண்ணீரில் கரைவது. வெயில் நாளில் அரை மணியில் காயும். ஈரக் காற்றில் மணிக்கணக்கில் பிசுபிசுக்கும். அதன் மேல் ஜெல்கோட் அடித்தால் ஈரம் அடியில் மாட்டிக்கொண்டு, அச்சின் முகமெல்லாம் சுருக்கம் விழும். ஓரத்தில் விரல் வைத்து உறுதி செய்யுங்கள். காயவில்லையா, அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

8. அச்சு எடுத்தல்

முதலில் சோதனைக் கோப்பை. 100 கிராம் ரெசினில் 1.5 மில்லி கேட்டலிஸ்ட் கலந்து, கட்டித் தயிர் பதத்துக்கு வர எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 20 முதல் 30 நிமிடம் என்றால் சரி. முக்கால் மணி தாண்டியும் நீராக இருந்தால் அறையைச் சூடாக்குங்கள், கேட்டலிஸ்டைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 1 சதவீதத்துக்குக் கீழே போனால் எத்தனை நாள் ஆனாலும் முழுதாக இறுகாது. 3-க்கு மேலே போனால் ஃபைபர் நொறுங்கும் தன்மைக்கு வரும். ஒவ்வொரு நாளும் இந்தச் சோதனை வேண்டும். நேற்றைய வெப்பம் இன்றைக்கு இருக்காது.

ஜெல்கோட்டில் 2 சதவீதம் கேட்டலிஸ்ட். அரை மில்லிமீட்டர் தடிமன் வர இரண்டு பூச்சு, ஒன்றுக்கொன்று குறுக்காக. மெல்லியதாகப் போனால், அடுத்து வரும் ரெசின் அதை ஊடுருவி முதலைத் தோல் போலச் சுருக்கிவிடும்.

அடுத்த அடுக்குக்கு நேரமா என்பதை விரல் சொல்லும். தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலில் நிறம் வரக் கூடாது. பிசுபிசுப்பு கெட்டுப்போன அடையாளம் அல்ல. காற்றுப் படும் பக்கம் அப்படித்தான் இருக்கும், மேட் ஒட்டுவதற்கும் அதுதான் உதவுகிறது. இதைத் தெரியாமல் அசிட்டோனால் துடைத்துத் தள்ளியவர்கள் உண்டு.

முதல் அடுக்கு 300 கிராம் மேட் மட்டும். கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்த துண்டுகளாக இருக்கட்டும்; கிழித்த ஓரம் பக்கத்துத் துண்டோடு கலந்துவிடும், வெட்டிய ஓரம் கோடாகப் பதியும். முதலில் ரெசின் தடவி, மேட்டை வைத்து, பிரஷ் நுனியால் குத்திக் குத்தி நனையுங்கள். இழுத்துப் பூசினால் நார் கலைந்து பிரஷோடு வரும். வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஆனால் நனைந்துவிட்டது. ரோலரால் குமிழிகளைத் தள்ளுங்கள். ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் ரெசின் கலக்காதீர்கள். டப்பாவிலேயே இறுகிப் புகைய ஆரம்பிக்கும்.

இந்த அடுக்கு இறுகட்டும். மறுநாள் குமிழிகளைக் கீறி, நிரப்பி, உப்புத்தாள் போட்டுவிட்டு 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு. அதற்கடுத்த நாள் இன்னும் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றினால் சூடு கூடி அச்சு முறுக்கிக்கொள்ளும். மொத்தத் தடிமன் 4 மில்லிமீட்டர் வாக்கில் வரும்.

முதல் பாதி முடிந்ததும் வேலியை எடுத்துவிட்டு, அச்சின் விளிம்புக்கு மெழுகும் பி.வி.ஏ.வும் போட்டு இரண்டாம் பாதி. விளிம்புக்கு மெழுகு போட மறந்தால் இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும். இரண்டும் இறுகிய பிறகு, மாதிரியில் இருக்கும்போதே, விளிம்பில் 100 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 6 மில்லிமீட்டர் போல்ட் துளைகளைப் போட்டுவிடுங்கள்.

மிஞ்சிய ரெசின் தானாகவே சூடாகும். அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் வெளியே வெறும் மண்ணில் வைத்து, முழுதாக இறுகிய பிறகு அப்புறப்படுத்துங்கள். ஓடையிலோ சோலைப் பக்கமோ கொட்டக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

9. கழற்றுதல்

ஒரு வாரம் விடுங்கள். கீழே சமவெளியில் இரண்டு நாளில் கழற்றுவார்கள். இங்கே இரவுக் குளிரில் இறுகுவது நின்று நின்று நடக்கிறது. சீக்கிரம் எடுத்த அச்சு வெளியே வந்த பிறகு வளையும்.

விளிம்பில் மரச் சீவல் ஆப்புகளைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி, இடைவெளி விழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். பி.வி.ஏ. கரைந்து வழிவிடும். ரப்பர் சுத்தியலால் வெளியே லேசாகத் தட்டலாம். ஸ்க்ரூ டிரைவர் வேண்டவே வேண்டாம்.

10. டூம்

அச்சைக் கழுவி, காயவைத்து, 1000 வாட்டர் பேப்பர் போட்டு, மறுபடி மெழுகு, பி.வி.ஏ. இரண்டு பாதியையும் போல்ட் போட்டு இணைத்து, இணைப்புக் கோட்டில் களிமண்ணைத் தேய்த்து வழித்துவிட்டு ஒரே துண்டாக உள்ளே படியுங்கள். ஹெட்லைட் வாய் வழியாகவும் பின்பக்கம் வழியாகவும் கை போகும்.

ஜெல்கோட், 300 கிராம் ஒன்று, 450 கிராம் ஒன்று. ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வரும், போதும். மாட்டும் புள்ளிகளிலும் கீழ் ஓரத்திலும் மட்டும் கூடுதலாக இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிதாக. எல்லாம் ஒரே அளவாக முடிந்தால் தடிமன் சட்டென்று மாறும் அந்த விளிம்பில் உடையும். பலம் வேண்டும் என்று எங்கும் நான்கு அடுக்கு போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: எடை கூடினால் பிராக்கெட் உடையும்.

இறுகிக்கொண்டிருக்கும்போது, கத்தி இறங்கும் பதத்தில் ஒரு நேரம் வரும். அப்போது அச்சின் ஓரமாகக் கத்தியை ஓட்டினால் மிச்சம் தோலாக உரியும். தவறவிட்டால் மறுநாள் கிரைண்டர்தான், அரிப்புதான். அரிப்புக்கு: முழுக்கைச் சட்டை, தூசிக்கு என்-95 மாஸ்க், முடித்ததும் முதலில் பச்சைத்தண்ணீர். ஊட்டியில் அது தண்டனைதான், ஆனால் தோலில் ஒட்டிய நாரை முதலில் அதில்தான் கழுவ வேண்டும்.

11. பொருத்தி ஓட்டிப் பார்த்து, அப்புறம் பெயிண்ட்

துளைகளை வெளிப்பக்கத்திலிருந்து, டேப் ஒட்டி அதன் மேல் போடுங்கள். உள்ளிருந்து போட்டால் ஜெல்கோட் சில்லாகப் பெயரும். துளை போல்ட்டைவிட 2 மில்லிமீட்டர் பெரிதாக, இரண்டு பக்கமும் ரப்பர், அகல வாஷர், லாக் நட். ரப்பர் லேசாக அமுங்கும் வரை முறுக்கினால் போதும்.

பெயிண்ட் அடிக்காமலே சில நாள் ஓட்டுங்கள். ஊட்டியிலிருந்து குன்னூர் இறங்கி ஏறினால் வளைவு, குழி, ஈரம் எல்லாம் கிடைத்துவிடும். பிறகு டூமைக் கழற்றி, உள்பக்கம் டார்ச் அடித்து, துளைகளைச் சுற்றி வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே பிராக்கெட் இழுக்கிறது. அந்த இடத்தில் கூடுதல் மேட் ஏற்றுவதற்கு முன் பிராக்கெட்டை வளைத்துச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் ஏற்றிய மேட்டும் கிழியும்.

பெயிண்டுக்கு முன் டூமை வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். மிச்ச ஸ்டைரீன் வெளியேறாவிட்டால் பெயிண்டில் ஊசிமுனைத் துளைகள் வரும். சோப்புத் தண்ணீரால் பி.வி.ஏ.வையும், மெழுகு நீக்கும் திரவத்தால் மெழுகையும் எடுத்த பிறகே உப்புத்தாள். மெழுகு இருக்கும்போது தேய்த்தால் அது கீறல்களுக்குள் போய்விடும். டூ-கே பிரைமர், நிறம், புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் குளிராக இருந்தாலும் வெயிலின் புற ஊதாக் கதிர் கீழே இருப்பதைவிடக் கடுமை; கிளியரை மிச்சப்படுத்தினால் சிவப்புதான் முதலில் வெளுக்கும்.

கடைசியாக, டூமின் அடிப்பகுதியில் மிகத் தாழ்வான இடத்தில் 6 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிடுங்கள். மழையில் உள்ளே வரும் தண்ணீர் தேங்கினால் ஹெட்லைட் கனெக்டர்கள் துருப்பிடிக்கும். போல்ட்டுகளை முதல் வாரத்தில் ஒரு தடவையும், பிறகு செயின் டைட் செய்யும்போதெல்லாம் ஒரு தடவையும் முறுக்கிப் பாருங்கள்.